மூன்று கிராம்பு வைத்த பரங்கிக்காய் கேக்

ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட பிறகு நான் எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு வருடம் இருந்ததில்லை. அண்ணாமலை நகரில் மெஸ் வேலை, கம்மாபுரம் பக்கம் செங்கல் சூளை, பிறகு கடலூர் முதுநகரில் ஒரு பேக்கரி. சம்பளம் குறைவு. பின்னால் படுக்க ஒரு அறை தந்தார்கள் என்பதால் சேர்ந்தேன். சுவருக்கு மறுபக்கம் விறகு அடுப்பு. மார்கழியில் அது சுகம். சித்திரையில் வெளியே சாக்கு விரித்துப் படுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு நாளும் அந்த அடுப்பில் ரொட்டி வேகாது. சுற்றுத் தெருக்களில் இருக்கும் கிறிஸ்தவ வீடுகளிலிருந்து கேக் மாவு வந்துகொண்டே இருக்கும். டின்கள் பேக்கரியுடையவை, எல்லாம் ஒரே அளவு. பேர் எழுதி ஒட்டினால் காகிதம் கருகிவிடும். அதனால் வீட்டுக்கு ஒரு அடையாளம் மாவின் மேலேயே இருக்கும். ஒரு வீடு நான்கு மூலையிலும் திராட்சை வைக்கும், இன்னொரு வீடு நடுவில் பாதி முந்திரி வைக்கும். வருடா வருடம் அது மாறாது.

என் அண்ணி இந்தத் தெருக்களில் பிறந்தவர். அண்ணன் சிதம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். நாங்கள் இந்துக்கள், அவர்கள் கிறிஸ்தவர்கள். இருவரும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அவருடைய பிறந்த வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை. 2008 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அண்ணி ஒரு பரங்கிக்காயை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"கேக் செஞ்சு எடுத்துக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறேன் தம்பி. கைல கேக் இருந்தா வாசல்லயே நிக்க வெச்சு அனுப்ப மாட்டாங்க."

"அனுப்பிட்டா?"

"அனுப்பிட்டா நீயும் நானும் தின்னலாம். கொஞ்சம் நகரு."

என் அறையிலேயே உட்கார்ந்து காயைத் துருவினார். துணியில் கட்டிப் பிழிந்து, நெய்யில் சுருள வதக்கி, ரவை, முட்டை, சுக்கு, ஜாதிக்காய் சேர்த்தார். அது அவர் அம்மாவின் செய்முறை. அம்மா சர்க்கரையைக் கருக்கி ஊற்றுவார். அண்ணி எங்கள் வீட்டுப் பழக்கத்தில் வெல்லம் போட்டார். டின்னில் ஊற்றியதும் கை தானாகப் போய் மேலே மூன்று கிராம்பைக் குத்தியது. அது அவர் பிறந்த வீட்டு அடையாளம். நான் அதைக் கவனிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

மாலையில் அடுப்பைத் திறந்தபோது மூன்று கிராம்பு வைத்த டின்கள் இரண்டு இருந்தன. நிறமும் ஒன்றுதான். பேக்கரி மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"ஒரே வீட்டுக்கு ரெண்டா?"

நான் பதில் சொல்வதற்குள், வீட்டு கேக்கை வாங்க வந்த அண்ணியின் தம்பி பைக்கை அணைக்காமலே கையை நீட்டினான். மாஸ்டர் முன்னால் இருந்ததைக் கொடுத்துவிட்டார். மற்றதை நான் அறைக்கு எடுத்துப் போனேன்.

அண்ணி டின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி வாயில் போட்டார். கொஞ்ச நேரம் மென்றார்.

"இது எங்க அம்மா செஞ்சது."

"மாத்திக்கிட்டு வந்துடட்டுமா?"

"இந்நேரம் வெட்டியிருப்பாங்க. அவுங்க கேக்கையே அவுங்களுக்குக் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்றியா?" சிரிக்கத்தான் ஆரம்பித்தார், பாதியில் நின்றுவிட்டது. முகம் கழுவி, கேக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பண்டிகைக்கு மறுநாள் காலை அவருடைய அம்மா பேக்கரிக்கு வந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியும். அதுவரை தெரிந்ததாகக் காட்டியதில்லை.

"அவ வந்திருந்தாளா தம்பி?"

"வந்தாங்க அத்தை. அன்னிக்கே போயிட்டாங்க."

அத்தை என்று கூப்பிட்டதும் அவர் ஓர் எட்டு உள்ளே வந்தார்.

"உப்பு ஒரு சிட்டிகை போடணும், மறந்துட்டா. அவரு ஒரு துண்டு வாயில வெச்சதுமே, இது உன் கை இல்லயேன்னாரு. இன்னொரு துண்டு எடுத்தாரு. அப்பறம், இவ்ளோ தூரம் வந்தவ வீட்டுக்கு வரலியான்னு கேட்டாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "புது வருசத்துக்கு வரச் சொல்லு. ரெண்டு பேரையும்தான்."

நான் போன் செய்து சொன்னேன். அண்ணி முழுவதும் கேட்டுவிட்டு, "அப்பாவா கேட்டாரு?" என்றார். ஆமாம் என்றேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

புது வருடத்தன்று இருவரும் போனார்கள். எனக்கு அடுப்பில் வேலை இருந்தது. நடந்ததைப் பிறகு அண்ணன் சொன்னான். காபி கொடுத்தார்களாம். மாமனார் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். ஒரே ஒரு முறை அதை இறக்கி, "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாராம். போகச் சொல்கிறார் என்று நினைத்து அண்ணன் எழுந்துவிட்டான்.

"உக்காருங்க," என்றாராம் மாமனார். "அவ உள்ள மீன் கழுவிக்கிட்டிருக்கா."

அன்று அங்கேயே தங்கினார்கள்.