கல்லுக்குக் காவல் இருந்த காலம்

பூங்காவுக்குக் காவல் இருந்தவர்களுக்குத் தெரியும்: பூப் பறிப்பவரைத் தடுத்துவிடலாம், பூக் கொண்டுவந்து வைப்பவரைத் தடுக்க முடியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கையில், கண்டியில் ஒரு சின்னப் பூங்காவில் எனக்கு அந்த வேலை.

உத்தரவு

பூங்காவின் நடுவில் ஆளுயரப் பாறை. அதில் மடித்த முழங்காலும் தேய்ந்த முகமுமாக ஓர் உருவம், ராசாக்கள் காலத்துச் செதுக்கல். யாருடைய உருவம் என்று எவருக்கும் நிச்சயமில்லை. அதனால் எல்லோரும் எண்ணெய் ஊற்றினார்கள். எண்ணெயில் தூசி ஒட்டிக் கோடுகள் மறைகின்றன என்று, பூங்காவுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரைக்குக் கோபம். எனக்கோ அப்போதுதான் கல்யாணமாகி, வேலையாட்களுக்கான மஹய்யாவ லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பரா, ஒற்றை அறைதான், கிடைத்திருந்தது. வேலை போனால் அதுவும் போகும். துரை இங்கிலீஷில் நெடுநேரம் பேசியதை யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் சுருக்கிச் சொன்னார்: "வாற திங்கள் பாக்க வாறாராம். கல்லிலை எண்ணெய் இருந்தால் உனக்கு வேலை இல்லை, விளங்குதோ?"

ஒரு போத்தல்

ஞாயிறன்று ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். இடுப்பில், ஆஸ்பத்திரியில் பிழைத்தெழுந்த பிள்ளை. நான் வாசலை மறித்து நின்ற ரிக்‌ஷாவை ஒதுக்கிவிட்டுத் திரும்புவதற்குள், ஒரு போத்தல் நல்லெண்ணெய் கல்லில் வழிந்துகொண்டிருந்தது. "இது சாமியில்லம்மா, வெறுங் கல்லு!" என்று கத்தினேன். அவர் நிதானமாகப் போத்தலை மூடினார். "வெறுங் கல்லுக்கா கவர்மெண்டு காவக்காரன் போட்டிருக்கு?"

நானாவின் யோசனை

எதிரே புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை எல்லோரும் நானா என்போம்; அவர் மதியத்து லுஹர் தொழுகை முடிந்தபின் எங்கள் மரநிழலில் வந்து உட்காருவார். நான் துணியால் துடைத்துத் துடைத்து எண்ணெயை இன்னும் பரப்பிக்கொண்டிருந்தேன். விடிந்தால் திங்கள் என்பது அவருக்கும் தெரியும். "தம்பி, ஒன்ட தலை எண்ணெய எதால எடுக்கிற? கல்லுக்கு மட்டும் வேற சாமானா?"

திங்கட்கிழமை

காலையில் சீயக்காய் கரைத்துத் தேய்த்தேன். நுரையோடு பழைய அழுக்கும் போக, கல்லில் விரல்கள் தெரிந்தன, கழுத்து மாலை தெரிந்தது. அந்த ஈரக்கல் வாசனை இன்றும் மூக்கில் இருக்கிறது. கடைசி வாளியை ஊற்றும்போது பின்னால் "அரோகரா!" என்றார்கள். சந்தைக்குப் போகிற சனம் அபிஷேகம் என்று நினைத்துக் கைகூப்பி நின்றது. அவர்களுக்குப் பின்னால் துரை.

அவர் விலக்கிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். பாறையில் இடித்த தொப்பியைக் கழற்றினார். "தொரையே தொப்பியக் கழட்டிட்டாரு!" என்றது ஒரு குரல். துரை வெகுநேரம் அந்த விரல்களையே பார்த்திருந்துவிட்டு ஏதோ சொன்னார். கிளாக்கர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "உன்ரை வேலை தப்பிச்சுது. கிழமைக்கு ஒருக்கா இப்பிடியே கழுவட்டாம்."

கும்பிடுவதைத் தடுக்கச் சம்பளம் வாங்கிய நான், அன்று முதல் அரசாங்கச் செலவில் அபிஷேகம் செய்துவந்தேன்.