உம் கொட்டியவன்

எழுபதுகளின் கடைசியில் ஆரணிப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நான் ரைட்டர். வாக்குமூலம் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கேட்ட கேள்விகளை எல்லாம் விழுங்கிவிட்டு, அந்த ஆளே கோர்வையாகச் சொன்ன மாதிரி எழுதுவேன். எங்கள் வேலையே அதுதான்.

வயல் கிணறு ஒன்றில் ஒரு பெண் பிணமாக மிதந்தாள். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் தண்ணீர் சுமக்கிறவனைப் பிடித்து வந்தார்கள். வயது முப்பது, புத்தி ஏழு வயதுப் பிள்ளைக்கு உள்ளது. அவனைக் கிணற்றங்கரையில் பார்த்தவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் அடிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்துக் கதை மாதிரி சொல்லிக்கொண்டே போனார். நீ போனாய், அவள் திட்டினாள், கோபத்தில் தள்ளிவிட்டாய். எல்லாவற்றுக்கும் அவன் "ம்" என்றான். ஒவ்வொரு "ம்"மையும் நான் "ஆமாம்" ஆக்கி, "நான்தான் தள்ளினேன்" என்று முடித்தேன். மறுநாள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் இதையே சொல்லிவிட்டால் அவனுக்கு ஜெயில்தான்.

இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போனார். பக்கத்துத் தெருவில் தறிச் சத்தமும் நின்றிருந்தது. சும்மா இருக்க முடியாமல் அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். போளூர் பஸ் நேரத்துக்கு வருவதே இல்லை என்றேன். "ம்" என்றான். என் மனைவிக்குப் பல்வலி என்றேன். அதே "ம்", அதே தலையாட்டல். அது "ஆமாம்" அல்ல. யார் கதை சொன்னாலும் நாம் கொட்டுகிற உம். இன்னும் ஒன்று சொல்லிப் பார்த்தேன்.

"போன வருஷமே நான் செத்துட்டேன், தெரியுமா?" என்றேன்.

"ம்."

"கெணத்துல வுழுந்து."

"ம்" என்றவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு மெல்ல நகர்ந்து போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். உயிரோடுதான் இருக்கிறேனா என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது.

"உங்களயும் நான்தான் தள்ளுனேனா சார்?" என்று கேட்டான்.

இன்ஸ்பெக்டர் திரும்பியதும் நடந்ததைச் சொன்னேன். மாஜிஸ்ட்ரேட் உன்னை மாதிரி கிறுக்குத்தனமாகக் கேட்க மாட்டார் என்று சிரித்தார். அது உண்மைதான். யாரும் மிரட்டவில்லையே, நீயாகத்தானே சொல்கிறாய் என்றுதான் மறுநாள் அவர் கேட்டாராம். அவன் என்ன சொன்னான் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் சாப்பிட்டு வர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அந்த வாக்குமூலக் காகிதம் என் மேஜை மேல்தான் இருந்தது. நான் கிழிக்கவில்லை.