கண்ணாடியைக் கழற்றாமல் சனியைப் பார்த்தல்

தொலைநோக்கிக்கு ஆண்டுக்கு ஒரு துணைக்கருவிதான் வாங்குவது என்று எனக்கு ஒரு விதி உண்டு. முந்தியதை முழுவதும் பயன்படுத்தாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. முதல் ஆண்டு சந்திரனின் கண்கூசும் ஒளியைக் குறைக்கும் வடிகண்ணாடி வாங்கினேன். மற்றவற்றை நானே செய்துகொண்டேன். கடற்காற்றில் முன்வில்லை வியர்க்காமலிருக்கக் கறுப்பு மட்டையில் ஒரு குழாய், குறிப்பெழுத டோர்ச்சின் முகத்தில் சிவப்புத் தாள். இரண்டாம் ஆண்டுக்கு, உருவத்தை இரட்டிப்பாக்கும் பார்லோ வில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

காரணம் சனி. அதன் வளையம் ஆண்டுக்கு ஆண்டு எங்கள் பார்வைக்கு ஒடுங்கிக்கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு பக்கவாட்டில் திரும்பி, ஒரு கோடாகி, மறைந்தும் போகும். மீண்டும் நன்றாக விரியச் சில ஆண்டுகள் ஆகும். மாரி மழை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் சில வாரங்கள்தான் மிச்சம்.

அன்று பின்னேரம் வீட்டு மண்டபத்து மேசையின் ஒரு பக்கம் நான் வாங்கவேண்டியதை எழுதிக்கொண்டிருந்தேன். மறுபக்கம் மனைவி பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இனி வளையம் விரிய வருசங்கள் செல்லும். நீர் முந்தியே பார்த்திட்டீர், நல்லதாப் போச்சு," என்றேன்.

அவள் சிவப்புப் பேனையை நிறுத்தவில்லை. "நான் எங்கயப்பா பார்த்தனான்?"

"கொப்பியில எழுதியிருக்கு. ஓமெண்டு சொன்னனீர்."

"ரெண்டு மணித்தியாலம் நுளம்புக்கடியில நிண்டு தொலைநோக்கியைப் பூட்டினனீங்கள். ஒண்டும் தெரியேல்லையெண்டு சொல்ல மனம் வரேல்ல."

"மற்ற நாளுகளில?"

"மற்ற நாளுகளிலயும்தான். சந்திரன் மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சது. அது முத்தத்தில நிண்டாலும் தெரியுது."

அலுமாரியிலிருந்து, பார்த்ததையெல்லாம் குறித்துவைக்கும் தடித்த சி.ஆர். கொப்பியை எடுத்துவந்து புரட்டினேன். நாள், நேரம், மேகம், காற்று, பார்த்தவர் என்று ஐந்து நிரல்கள். 'மனைவியும் பார்த்தாள்' என்று பதினொரு இடத்தில் இருந்தது. கொப்பியில் உள்ள மற்ற எதையும் நான் இரண்டு தரம் சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். இதை மட்டும் ஒரு 'ஓம்' கேட்டவுடனே எழுதியிருக்கிறேன்.

அவள் அதிகநேரம் குனிந்து நிற்காததை நான் கவனிக்காமல் இல்லை. முதல் நாளே, "கோயிலிலயே நான் அவருக்கு நேர நிக்கிறதில்லை, இதில கண்ணை வேற வைக்கச் சொல்லுறியள்," என்று சொல்லிச் சிரித்திருந்தாள். நவக்கிரகம் சுற்றும்போது சனீஸ்வரனுக்கு முன்னால் நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுவது அவள் வழக்கம். அதுதான் காரணம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

"மூக்குக் கண்ணாடி போய் இடிக்குது," என்றாள் இப்போது. "ஓட்டைக்குக் கிட்டப் போக ஏலாது."

"கழற்றிப்போட்டுப் பார்க்கலாந்தானே."

"கழற்றினால் உங்கட சனியும் இல்லை, நீங்களும் இல்லை. அந்தக் குமிழைத் திருப்பிப் பார்ப்பமெண்டால் பக்கத்தில துண்டு ஒட்டி வைச்சிருக்கிறியள்."

அது உண்மை. தெளிவைச் சரிசெய்யும் குமிழுக்குப் பக்கத்தில், 'திருப்ப வேண்டாம்' என்று என் கையெழுத்தில் ஒரு துண்டு இருந்தது. என் கண்ணுக்குச் சரியாக்கியதை வேறு யாரும் குழப்பாமலிருக்க ஒட்டியது.

அடுத்த நாள் டவுனில் அவள் கண்ணாடி எடுக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் கிண்ணியா ஊர்க்காரர். அவளுடைய கண் அளவு எழுதிய பழைய துண்டைத் தேடியெடுத்துப் பார்த்தார்.

"ஒங்கட மிசிஸுக்கு சிலிண்டர் பவர் கூட, சேர். கண்ணாடியக் கழட்டினா பக்கத்து வீட்டு லைட்டே ரெண்டாத் தெரியும். குமிழத் திருப்பினாலும் அது முழுசாச் சரிவராது. அவங்க கண்ணாடியோடதான் பாக்கணும்."

வீட்டுக்கு வந்து அளந்தேன். என்னிடமிருந்த பத்து மில்லிமீற்றர்க் கண்வில்லையில் முழு உருவமும் தெரிய, கண் அதிலிருந்து ஏழு மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். அவள் மூக்குக் கண்ணாடிக்கே பதினான்கு தேவை. இதற்குமேல் பார்லோவைப் போட்டிருந்தால் அவள் பார்க்காத சனி இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கும், அவ்வளவுதான்.

பட்டியலில் பார்லோவை வெட்டினேன். கண்ணை இருபது மில்லிமீற்றர் தள்ளி வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு கண்வில்லையைக் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். அது பஸ்ஸில் வந்துசேர்ந்த அன்றே வானம் மூடிக்கொண்டது. எட்டு நாள் கொப்பியில் 'மேகம்' என்று மட்டும் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் இரவு ஏழேமுக்காலுக்குத் துறைமுகப் பக்கம் விளக்கொளியில் வெளுப்பாக இருந்தாலும் கிழக்கு திறந்திருந்தது. மாடிக்கு மூன்று பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கிப்போய் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினேன். உயரம் அவளுக்குக் கூடிப்போய், ஒன்றை எடுத்ததும் சரியாக இருந்தது. புதிய கண்வில்லையைப் போட்டுச் சனியைப் பிடித்தேன். குமிழுக்குப் பக்கத்துத் துண்டைக் கிழித்துவிட்டு, "நீரே திருப்பும்," என்றேன்.

கண்ணாடியோடு அமர்ந்து குமிழைப் பிடித்தாள். மிக மெதுவாகத் திருப்பினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"தெரியுதோ?"

"கதையாதேங்கோ."

மேற்கிலிருந்து ஒரு மேகம் வந்துகொண்டிருந்தது. அது வந்து மூட எவ்வளவு நேரம் ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஈர்க்குக் குத்தின நெல்லிக்காய்," என்றாள்.

"என்ன?"

"நெல்லிக்காய்க்கு நடுவால ஈர்க்கைக் குத்தினமாதிரி. ரெண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிக்குது. இவ்வளவு சின்ன ஆளுக்கோ நான் இத்தனை வருசமாய் ஒதுங்கி நிக்கிறன்?"

அன்றைய வளையத்தை அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. மேகம் வந்து மூடும்வரை அவள் எழும்பவில்லை, நான் பார்க்கவுமில்லை. பார்த்தவர் நிரலில் அவளை மட்டும் எழுதி, பக்கத்தில் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

காலையில் கொப்பி மேசையில் திறந்து கிடந்தது. பழைய பதினொரு இடங்களிலும் சிவப்புப் பேனையால் ஒவ்வொரு முட்டை போடப்பட்டிருந்தது. கடைசி வரிக்கு நேரே ஒரு சரி அடையாளம்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கண்வில்லையை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடினேன். டப்பாவின் மேல் அவள் பெயரை எழுதினேன்.