முன் சீட்டு

பஸ்ஸின் வலப்பக்கக் கண்ணாடியைத் தோள் துண்டால் துடைத்துவிட்டு, அதிலேயே தன் மீசையையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார் பத்துமலை. காலையில் பசியாறுவதற்கு முன் இது நடந்தாக வேண்டும். சிலிபினில் பள்ளி பஸ் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம்கூட இல்லாமல் ஓட்டுகிறவர் இவர் ஒருவர்தான். கேட்டால் அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"நான் நாலாம் வகுப்புலா. சிலிம் ரிவர் பக்கம் எஸ்டேட்டு ஸ்கூலு. அதோட ரப்பர் பால்வாளியத் தூக்கியாச்சு. இன்னிக்கு இந்த பஸ்ஸு யாரு பேருல ஓடுது? நம்ப பேருல!"

சொல்லிக்கொண்டே பஸ்ஸின் விலாவில் இரண்டு தட்டு.

பள்ளி நாட்களில் பிள்ளைகளை ஏற்றுவார். விடுமுறை வந்தால் கோயில் கூட்டம், கல்யாணக் கூட்டம், சுற்றுலாக் கூட்டம். பத்துகாஜா பக்கம் ரப்பர் தோட்டத் துரை ஒருவர் கட்டத் தொடங்கி முடியாமலே நின்றுபோன கெல்லி கோட்டைக்கு மட்டும் அவர் ஓட்டிப்போன கூட்டங்களுக்குக் கணக்கில்லை.

அவர் பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. டவுனுக்குப் போகும் பஸ்ஸில் சன்னல் வழியே துண்டைப் போட்டுவிட்டால் அந்த இடம் துண்டுக்காரனுடையது; அவர் வளர்ந்த தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணிகூட அதில் கை வைக்க மாட்டார். பத்துமலையும் அப்படியே. துண்டு கிடக்கும் சீட்டில் யார் வந்து உட்கார்ந்தாலும் எழுப்பிவிடுவார்.

மனைவி முத்தம்மாவுக்காக ஒரு துண்டு போட வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

கல்யாணமான புதிதில் முத்தம்மா வாய்விட்டுக் கேட்டது அந்தக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும்தான். கதவோரத்து முன் சீட்டு உனக்கு என்பார் பத்துமலை. முத்தம்மாவும் சேலை கட்டி, பூ வைத்து, ஏறி உட்கார்ந்துவிடுவார். புறப்படும் நேரத்தில் பஸ்ஸை வாடகைக்குப் பிடித்தவர்களின் ஆள் ஒருவர் கூடுதலாக வந்து நிற்பார். "அடுத்த ட்ரிப்புல போலாம்லா" என்பார் பத்துமலை. முத்தம்மா குதித்து இறங்கி வீட்டுக்கு நடப்பார். அப்போது குதிக்கிற கால்கள் இருந்தன.

போன மாதம் கோலாலம்பூர் மருத்துவமனையில் தாதியாக இருக்கும் மகள் தினேஸ்வரி போன் செய்தாள். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு எங்காவது போக வேண்டுமாம்.

"கெல்லி கோட்டைக்குப் போலாம்! அதுல சுசா, கஷ்டம் ஒண்ணுமில்ல, அப்பாகிட்ட விடு. அது எனக்கு நம்ப வீட்டு அடுப்படி மாதிரிலா."

"சரிப்பா. மேல போக லிப்ட் இருக்கா? அம்மாவுக்கு முட்டி வலி."

"பார்க்கிங் நல்லா இருக்கும்மா. ஓரத்துல பெரிய மரம், நல்ல நெழலு..."

"நான் உள்ள கேக்குறேன்ப்பா."

பத்துமலை மீசையைத் தடவினார். "உள்ள... நான் போனதில்ல. பஸ்ஸ விட்டுட்டு எப்படிப் போறது?"

முத்தம்மா வெங்காயம் நறுக்கியபடி குரல் கொடுத்தார். "ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்ச கோட்டை டயரு ஒசரந்தான்டி!"

மகள் சிரித்தாள். பிறகு போனிலேயே கோட்டையின் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, படிகள்தான் என்றாள். செங்குத்தான படிகள்.

"நீங்கள்லாம் ஏறுங்க" என்றார் முத்தம்மா. "நான் கீழ புல்லுல ஒக்காந்து பாத்துக்கறேன். பாத்தா போதும்."

பத்துமலை வாயடைத்து நின்றதை சிலிபினில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு முத்தம்மா பார்த்தார்.

மறுநாளே பெட்டியின் அடியிலிருந்து கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்று கொடிக்கு வந்தது. அதன் மடிப்பை முத்தம்மா நீவி விட்டுக்கொண்டிருந்தபோது பத்துமலையின் போன் அடித்தது. கோயில் கமிட்டிக்காரர். கோட்டைக்குப் போகக் குறித்திருந்த அதே சனிக்கிழமைக்கு பஸ் வேண்டுமாம்.

"போலாம்லா அண்ணே! நம்ப பஸ்ஸு இருக்க என்னா கவல?"

முப்பது வருடத்துப் பழக்கம். மனசு கேட்பதற்கு முன் வாய் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். முத்தம்மா சேலையைக் கொடியிலிருந்து உருவி, பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எடுத்துட்ட?"

"வெயிலு பத்தல. அடுத்த ட்ரிப்புக்குக் காயப் போட்டுக்கலாம்."

விந்தி விந்தி உள்ளே போனார்.

பத்துமலை உடனே கமிட்டிக்காரரைக் கூப்பிட்டார். அடுப்படி வரை கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார். "அண்ணே, அன்னிக்கு பஸ்ஸு இல்ல! ஆமா, இப்பத்தான் சொன்னேன். தப்பு என்னுது. வேற ஆளு பாருங்க. வீட்டு ஆளுங்க போறோம்!"

உள்ளேயிருந்து பெட்டியை மூடுகிற சத்தம் மட்டும் வந்தது.

பத்துமலை வாசலில் நின்ற பஸ்ஸின் கதவைத் திறந்து ஏறினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, சுருக்கமில்லாமல் நீவி, கதவோரத்து முன் சீட்டில் விரித்தார்.

கோட்டைக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருந்தது.