நெல் கிளறிய கால்கள்

மார்த்தாள் ரகசியமாகப் பீடி குடித்தாளாம். அதனால்தான் தொடை இரண்டும் சூம்பிப் போயிற்றாம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றவர்களில் யாரோ சொல்ல, அதைப் பக்கத்து வீட்டுச் செவ்வந்தி கேட்டு வந்து என் அண்ணி பரிமளாவிடம் சொல்லியிருக்கிறாள். பரிமளா போனில் எனக்குச் சொன்னாள். சொன்னவன் எவனோ, அவன் வாயில் உமியைப் போட்டுக் கொளுத்த வேண்டும்.

என் பெரியம்மா மார்த்தாள் குடித்தது உமிப் புகை. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்தே ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் அடுப்புக்கு உமி தள்ளியவள். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டியதும், சூடு அடங்கும் முன்பே அதில் இறங்குவாள். பாதத்தைத் தரையோடு இழுத்து இழுத்து நடந்து கிளறிவிட்டால், களம் முழுக்க வரிவரியாக உழுத வயல் மாதிரி கிடக்கும்.

"இன்னா மார்த்தா, காலா டிராக்டரா?" என்று லாரிக்காரர்கள் கேட்பார்களாம்.

"டிராக்டருக்காவது டீசல் ஊத்துவீங்க. எனக்கு இன்னும் டீயே வரல."

மில்லில் உமிப் புகை, வீட்டில் விறகுப் புகை. இருமல் வந்தது. பிறகு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்றார்கள். புகையால் மூச்சுக்குழல் சுருங்கிய நாள்பட்ட நுரையீரல் நோய் என்று இன்ஹேலர் கொடுத்து, "ரெஸ்ட் எடுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். மார்பை எக்ஸ்ரே எடுத்தவர்களில் ஒருவராவது அந்தக் காலைப் பார்த்தார்களா? நோய் நுரையீரலில், கால் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். படித்தவர்கள்!

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் இதைத்தான் பார்க்கிறோம். நுரையீரலில் வருடக்கணக்கில் கனலும் அழற்சி அங்கேயே நிற்பதில்லை. ரத்தம் வழியாகத் தசைக்கும் சேதி போகிறது. கூடவே பிராணவாயுக் குறைவு, படுக்கை, அரைவயிறு. எல்லாம் சேர்ந்ததும் தசைச் செல்லுக்குள் சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ரோட்டை அகலப்படுத்த வருகிறவர்கள் புளியமரங்களில் பெயின்டால் நம்பர் போட்டுவிட்டுப் போவார்களே, அதுபோல அந்த மரபணுக்கள் உண்டாக்கும் நொதிகள் நல்ல தசைப் புரதத்தின் மேல் யூபிக்விட்டின் என்ற சின்ன அடையாளத்தை ஒட்டுகின்றன. நம்பர் விழுந்த மரத்துக்கு ரம்பம் வரும். அடையாளம் விழுந்த புரதத்துக்குப் புரோட்டியசோம் வரும், துண்டு துண்டாக நறுக்க. புதிய கன்று நடுகிற வேலையும், அதாவது புதுப் புரதம் கட்டுவதும், மெதுவாகிவிடும். முதலில் இளைப்பது தொடை. தடுக்க வழி உண்டு: அளவோடு பயிற்சி, கூடவே புரதம். கால் வேலை செய்தால்தான் நம்பர் போடுகிற கை ஓயும்.

அதனால், தினமும் இரண்டு முட்டை கொடுக்கச் சொன்னேன்.

பரிமளா சொன்னாள்: "முட்டை முடியாது சுகிர்தா. ஆண்டவர்கிட்ட பொருத்தனை பண்ணிக்கீறேன். அத்தை எழுந்து கோயிலுக்கு நடந்து வர்ற வரைக்கும் இந்த வூட்ல கவிச்சி இல்ல."

லெந்து என்னும் தவக்காலத்தில் ஆரம்பித்த விரதமாம். ஈஸ்டர் வந்தது, போனது. செவ்வந்தி வீட்டிலிருந்து வந்த பிரியாணி கூட வாசலோடு திரும்பிவிட்டது. தயிர்? சளி கட்டும். பருப்பு? வாயு. வேர்க்கடலை? பித்தம். மீதி இருந்தது கஞ்சியும் ஜெபமும். நடந்தால்தான் முட்டை; முட்டை இல்லாமல் நடக்கத் தெம்பில்லை. ஒரு மனுஷியை அன்பாலேயே பட்டினி போட முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். கத்தினேன்.

"நம்ம சர்ச் ஐயரே சொல்லிட்டாரு, சீக்காளிக்கு விரதம் இல்லன்னு," என்றான், பரிமளாவிடமிருந்து போனை வாங்கிய அவள் புருஷன், பெரியம்மா மகன் ஆல்வின். "இவ கேக்க மாட்றா. நான் பேசினா ஒரே பேஜாரு."

"வாக்கு குடுத்தது ஐயர்கிட்டயா, ஆண்டவர்கிட்டயா?" என்று பின்னாலிருந்து பரிமளா அழுதாள். அவளும் ஒரு வாய் மீன் தொடவில்லை. அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அழுகிறவளைத் திட்டவும் முடியவில்லை.

அப்போது கட்டிலிலிருந்து பெரியம்மாவின் குரல், இழுத்து இழுத்து: "எனுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல... இவ இன்னா ஏஜெண்டா? ஏம்மா பரிமளா, எழுந்து நடக்கற வரைக்கும்னுதான சொன்ன? நடுவுல உக்காரக் கூடாதுன்னு சொன்னியா?"

"இல்லத்தே."

"அப்ப சரி. நடக்கறேன்."

மறுநாளிலிருந்து வீடியோவில் பயிற்சி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுவது, உட்காருவது. முதல் நாள் பாதி எழுந்து விழுந்தாள். பரிமளா தாங்கிப் பிடித்தாள். "உதட்டக் குவிச்சு ஊது பெரியம்மா" என்பேன். "அடுப்பு ஊதித்தானடி இந்தக் கதி!" என்று சிரித்து, இருமி, மறுபடி எழுவாள். புடவை விலகித் தெரிந்தது களத்தை உழுத கால்தானா? ஆல்வினின் முன்கையை விடக் கொஞ்சம்தான் பருமன். எப்படியோ பரிமளாவைப் பேசிப் பேசிப் பருப்புக்கும் கடலைக்கும் இணங்க வைத்தேன். முட்டைக்கு இல்லை.

நேற்று பெரியம்மா அறிவித்தாள்: "நாளைக்கு ஆராதனைக்கு நடந்து வரப்போறேன்."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பெரியம்மா. விழுந்தா இடுப்பு போயிடும்."

"படுத்துக்கினே கெடந்தா மட்டும் இடுப்பு இருக்குமா? நீதானடி சொன்ன, மரத்துக்கு நம்பர் போடறாங்கன்னு."

கோயில் தெருக்கோடியில், மில்லுக்கு அடுத்து. போகிற வழியில் இன்ஹேலரை ஆல்வின் வைத்திருப்பான். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பரிமளா பின்னாலேயே வருவாள். மூச்சு வாங்கினால் நடுத்தெருவிலேயே போட்டு உட்கார வைப்பாள். பஸ் ஸ்டாண்டில் பேசியவர்கள் எல்லாம் வாசலில் நின்று பார்க்கட்டும், பீடிக் கதை கட்டினவன் முதல் வரிசையில் நிற்கட்டும். கோயிலில் கால் வைத்ததும் திரும்பி வந்து முட்டை அவிப்பதாகப் பரிமளா சொல்லியிருக்கிறாள். நேற்றே வாங்கி வைத்துவிட்டாளாம், வீட்டுக்குள் சேர்க்காமல், செவ்வந்தி வீட்டில்.

இப்போது ஆராதனை முடிந்து வெகு நேரம் ஆகியிருக்கும். பரிமளாவின் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. முட்டை அவித்துக்கொண்டிருப்பாள். ஆல்வினும் எடுக்கவில்லை. பெரியம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறவன் எப்படிப் போனை எடுப்பான்? சீ, அப்படி நினைக்கக் கூடாது.

பெரியம்மாவின் நம்பருக்குப் போடுகிறேன். கட்டிலின் தலைமாட்டில்தான் அது எப்போதும் இருக்கும். படுத்திருந்தால் எடுத்துவிடுவாள்; கட்டிலில் ஆள் இல்லை என்றால் அடித்துக்கொண்டே இருக்கட்டும். அடிக்கிறது. இன்னும் அடிக்கிறது.