அக்காவுக்கு நட்ட சுமைதாங்கி

என் மூத்தவளுக்கு ஆறு வயது. சின்னவனுக்கு மூன்று. வயிற்றில் இருப்பதற்கு ஏழு மாதம். மூன்று பேருமாகச் சேர்ந்து என்னைத் தின்றுகொண்டிருந்த மழைக்காலம் அது. சும்மா சொல்லவில்லை. கிளினிக்கில் எனக்கென்று கொடுக்கும் திரிபோஷ சத்துமாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டி வைத்துவிட்டுக் கை கழுவப் போனால், திரும்பி வருவதற்குள் உருண்டைகள் காணாமல் போயிருக்கும். இரண்டு பேரின் வாயோரத்திலும் மா ஒட்டியிருக்கும். கேட்டால் என் வயிற்றைக் கைகாட்டுவார்கள். "பாப்பாதான் கேட்டுச்சு."

தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் எனக்கு வேலை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னவனையும் கூடவே கொண்டுபோய்விடுவேன். மூத்தவள் பள்ளிக்கூடம் விட்டு நேராக மடுவத்துக்கு வந்துவிடுவாள். என் வீட்டுக்காரருக்குப் பெரகல சந்தியில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. காலை பஸ்ஸில் போனால் பொழுது சாயத்தான் வருவார். ஊர்ப் பிள்ளைகளின் அழுகையைக் கேட்டு முடித்துவிட்டு, சொந்தப் பிள்ளைகளின் அழுகையைக் கேட்டபடி வீட்டுக்கு நடப்பதுதான் என் மாலைப்பொழுது.

மடுவத்திலிருந்து வீட்டுக்குத் தேயிலை நடுவே ஒரே ஒரு பாதை. பாதி வழியில் அக்காவின் சுமைதாங்கி நிற்கிறது.

அக்கா என் கூடப் பிறந்தவள், எனக்கு நேர் மூத்தவள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின்மேல் மலை இறங்கியபோது அவளுக்கும் ஏழு மாதம். பட்டப்பகல். வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் தப்பித்துக்கொண்டார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி, மழையில் வழுக்கி விழுந்துவிடுவாள் என்று வீட்டில் இருக்கச் சொன்னோமே, அவள் போய்விட்டாள். மீரியபெத்தயில் நடந்ததுபோல ஓர் ஊரையே மூடிய சரிவு இல்லை அது. லயத்தின் கடைசி இரண்டு காம்பரா வீடுகள் மட்டும்தான். வெளியே யாருக்கும் அது பெரிய செய்தியாகக்கூட இல்லை. மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். மூடி கழலாத சோற்றுப்பானை கிடைத்தது. அக்கா கிடைக்கவில்லை. அவள் புருஷன் கொஞ்ச நாள் பித்துப் பிடித்தவர்போலத் திரிந்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் மானாப்புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கிறது.

வயிற்றில் பிள்ளையோடு செத்தவள் அந்தச் சுமையை இறக்கிவைக்க வழியில்லாமல் அலைவாள் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அதற்காகத்தான் சுமைதாங்கி. பாதையோரம் இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக்கல்லை வைப்பார்கள். வழியே போகிறவர்கள் தங்கள் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாற வேண்டும். ஒவ்வொருவர் இறக்கும்போதும் செத்தவளின் சுமையும் கொஞ்சம் இறங்கும்.

பதினாறாம் நாள் அப்பாவே அதை நட்டார். அவர் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர், கல்வேலை தெரியாது. சுமைதாங்கியை அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை. திருச்சிப் பக்கத்தில் விட்டுவந்த ஊரில் இருந்ததாக அவருடைய பாட்டன் சொல்லிக் கேட்டதுதான். ஆள் உயரத்துக்கு இருக்க வேண்டும், தலையில் இருக்கிற சுமையை அப்படியே தள்ளிவிடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று பாட்டன் சொல்லியிருந்தாராம். அப்பா தன் தோளை அளவு வைத்து, ஒரு விரற்கடை பிசகாமல் நட்டார். பார்த்தவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அம்மா மட்டும் நம்பவில்லை. "அவ இன்னும் எறக்கல. எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டால் வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். இறக்கிவைக்க இடமில்லாதவள் தன் பிள்ளையைக் கூடப் பிறந்தவளிடம்தானே கொடுப்பாள் என்பது அம்மாவின் கணக்கு. அதற்குப் பிறகு நான் உண்டானபோது, அக்காவின் பிள்ளைதான் வருகிறது என்று முடிவே செய்துவிட்டாள். சின்னவன் பிறந்ததும் முதலில் அவன் காதைத்தான் திருப்பிப் பார்த்தாள். அக்கா புருஷனுக்குக் காதுச் சோணை கன்னத்தோடு ஒட்டியிருக்கும். இவனுக்குத் தனியாகத் தொங்கியது. "இவன் உன் புள்ளதான்" என்று சொல்லிவிட்டு என் கையில் கொடுத்தாள். பிரசவித்துக் கிடந்த எனக்கு எரிச்சலில் கண்ணீர் வந்துவிட்டது. என் புள்ள என்பது ஒரு குறையா?

இந்தத் தடவை மறுபடியும் தொடங்கிவிட்டாள். நான் இருமினால், "அவ புள்ளைய வச்சிருக்க, பாத்து இரு" என்பாள். புளிக்காய் கேட்டால், "அவளும் இதத்தான் கேட்டா" என்பாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "என் வயிறு என்னம்மா பஸ் ஸ்டாண்டா? வர்றவுக போறவுக எல்லாம் ஏறி எறங்க?"

அம்மா கோபிக்கவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பயந்தேன் என்று ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. ஏழாம் மாதம் பிறந்ததிலிருந்து ஒன்றைக் கவனித்துவந்தேன். பகலெல்லாம் உதைக்கிற பிள்ளை, நான் சுமைதாங்கியை நெருங்கும்போது சத்தமில்லாமல் அடங்கிவிடும். அதைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் மறுபடி அசையும். மிட்வைஃப் மிஸ்ஸிடம் கல்லைச் சொல்லாமல் அசைவை மட்டும் சொன்னேன். "நடந்தா புள்ள தூங்கிரும். ரெண்டு பெத்தவங்களுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்தார். தெரியும். ஆனால் அக்காவை எடுத்துக்கொண்ட அதே மழை, அதே மாதம். என் பிள்ளை எனக்கு முழுசாகக் கிடைக்குமா, கிடைத்தாலும் அது என் பிள்ளையாக இருக்குமா? இந்த இரண்டும்தான் அந்த நாட்களில் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

அப்படிப்பட்ட ஒரு மாலையில்தான் மூத்தவள் சுமைதாங்கியின் அடியில் நின்றுவிட்டாள். சின்னவன் என் இடுப்பில். தூறல் வேறு. அவள் தன் புத்தகப் பையை இரண்டு கையாலும் தூக்கி அந்தக் கல்லின்மேல் வைக்க எம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்னடி பண்ற? வா!"

"எட்டலம்மா."

"உனக்கு எப்படி எட்டும்? வா வீட்டுக்கு."

அவள் அசையவில்லை. மானாப்புல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "பெரியம்மாவுக்கும் எட்டலயாம்."

அக்கா போனபோது இவள் தவழ்கிற பிள்ளை. முகம்கூடத் தெரியாது. யார் சொன்னது என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அம்மாயி சொன்னாங்களா, யாராவது பெரியவங்க சொன்னாங்களா என்று எத்தனை விதமாகக் கேட்டும், உதட்டைத்தான் பிதுக்கினாள். முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழ, அதைப் பார்த்துச் சின்னவன் அழ, பின்னால் திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் நான் வேண்டுமென்றே கொழுந்து நிறுக்கப் போகும் நேரம் பார்த்து, ஆட்கள் நடமாட்டத்தோடு போகலாம் என்று மடுவத்து வாசலில் காத்திருந்தேன். மேல் மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். கயிற்றை நெற்றியில் கொடுத்து, கொழுந்து மூட்டை முதுகில். வயதான ஒருத்தி மூச்சு வாங்கிப்போய் சுமைதாங்கியின் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டி நின்று, மூட்டையை அதன்மேல் ஏற்றப் பார்த்தாள். குதிகாலைத் தூக்கினாள். ஒரு துள்ளுத் துள்ளினாள். மூட்டையின் அடி இடுப்பில் இருந்தது, கல் அவள் தோளுக்கு மேலே இருந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் பாதையோரத் திட்டில் சாய்ந்து நின்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வருஷமாக எங்கள் கண் எங்கே போயிருந்தது? பாட்டனின் ஊரில் பெண்கள் தலையில் சுமந்தார்கள். இங்கே நாங்கள் முதுகில் சுமக்கிறோம். இந்தப் பாதையில் போகிற ஒருத்திகூட அந்தக் கல்லில் எதையும் இறக்கியதில்லை, இறக்கவும் முடியாது. அம்மாவே வேலையிலிருந்து ஓய்வு வாங்கிய பிறகும் கைச்செலவுக்காகக் கொழுந்தெடுக்கிறாள். தினமும் மகளின் கல்லைத் தாண்டி, முதுகுச் சுமையை இறக்காமலே போய்க்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செத்தவளுக்கு நட்ட கல்லை உயரம் என்று குறை சொல்ல வாய் வராமல், இத்தனை வருஷம் அதையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள்.

அன்றைக்கே அப்பா வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்க எனக்கு எப்போதும் வராது.

"அப்பா, கல்லு உயரம். யாருக்கும் எட்டல."

"சொன்ன அளவுதான் வச்சேன்."

"சொன்னவுக தலையில தூக்கினவுக. நம்ம அம்மா எதுல தூக்குறாங்க?"

அப்பாவின் முன்னால் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது. அப்பா எழுந்து, மூலையில் கிடந்த கொழுந்துச் சாக்கை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். "மாட்டு" என்றார். அம்மா மறுபேச்சில்லாமல் கயிற்றை நெற்றியில் கொடுத்துச் சுவரோரம் நின்றாள். அப்பா அதன் அடி எங்கே வருகிறதென்று குனிந்து பார்த்து, அடுப்புக்கரியால் சுவரில் ஒரு கோடு போட்டார்.

"இங்க முதுகுலல்ல தூக்குறோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இது எனக்குத் தோணாமப் போச்சே."

ஞாயிற்றுக்கிழமை அவரும் என் வீட்டுக்காரரும் அலவாங்கும் மம்பட்டியுமாகப் போனார்கள். பலகைக்கல்லை இறக்கிவைத்துவிட்டு, நட்ட கல் இரண்டையும் பிடுங்கிக் குழியை ஆழமாக்கினார்கள். நான் பிள்ளைகளோடு தள்ளி நின்றேன். ஒவ்வொரு தடவை அலவாங்கு மண்ணில் இறங்கும்போதும் அப்பா நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அக்கா அங்கே இல்லை, சரிந்த இடம் அந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தார். சூடம் கொளுத்தினார்கள். வேலை முடிந்தபோது கல் என் இடுப்புக்கு வந்து நின்றது.

மறுநாள் மாலை நான் அங்கேயே காத்திருந்தேன். பெண்கள் வந்தார்கள். முந்தின வாரம் துள்ளிப் பார்த்தவள்தான் முதலில் வந்தாள். திரும்பி நின்று, மூட்டையைக் கல்லில் சாய்த்து, நெற்றிக் கயிற்றைத் தளர்த்தி, "அப்பாடா" என்றாள். அடுத்தவள் வந்தாள். பிறகு இன்னொருத்தி. சுமையை இறக்கிய ஒவ்வொருத்தியும் அந்த ஒரு சத்தத்தைப் போட்டுவிட்டு, எதுவும் நடக்காததுபோல ஊர்க்கதை பேசிக்கொண்டே போனார்கள். என் மனது லேசாகிக்கொண்டே வந்தது.

கடைசியாக அம்மா வந்தாள். மற்றவர்கள் போகும்வரை வேண்டுமென்றே பின்தங்கியிருக்கிறாள். கல்லின் பக்கம் முதுகைத் திருப்பி, மெதுவாக, ஏதோ தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல மூட்டையை இறக்கினாள். கயிற்றைக் கழற்றினாள். நெற்றியில் கயிறு பதிந்த தடம் சிவந்திருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கல்லைத் தடவினாள். ஐந்து வருஷமாக அழாதவள், அப்போதும் அழவில்லை. யாரையோ பஸ் ஏற்றிவிடுகிற குரலில் சொன்னாள்.

"சரி தாயி. போ. உன் புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போ."

நான் கேட்டு நின்ற வார்த்தை அதுதான். இது என் பிள்ளை என்று அம்மா ஒருநாள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றுதான் இத்தனை மாதம் சண்டை போட்டேன். ஆனால் அது காதில் விழுந்ததும் அக்கா, போகாதே என்று கத்தத் தோன்றியது. அலைந்துகொண்டாவது இங்கே இருந்தாளே. அவள் இருக்கிறாள் என்று பயப்படவாவது முடிந்ததே. வாயைப் பொத்திக்கொண்டேன். சின்னவன் என் சேலையைப் பிடித்து இழுத்துப் பசிக்கிறது என்றான்.

அம்மா மூட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். என் வயிற்றைப் பார்த்தாள், ஆனால் எப்போதும் பார்க்கிற மாதிரி இல்லை. "எந்த மாசம்டி பெறப்போற?" என்று கேட்டாள். எல்லாரிடமும் கேட்பதுபோலக் கேட்டாள். சொன்னேன். தலையாட்டிவிட்டு, மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நான் சின்னவனை நடக்கவிட்டு, வயிற்றில் கை வைத்துக்கொண்டு பின்னால் போனேன். உள்ளே இருப்பது யாரென்று இத்தனை நாளும் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். இனிச் சொல்ல ஆளில்லை. எனக்கும் தெரியவில்லை.