சந்தின் நடுவே தொங்கிய ஃப்ரிட்ஜ்

அப்பாவுக்கு யாரிடமும் சாதாரணமாகப் பேச வராது. ஆட்டோ ஓட்டுபவர். "எங்க போகணும்?" என்று அவர் கேட்பதே வம்புக்கு இழுப்பது போலிருக்கும். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் சந்தில் அவரோடு சண்டை போடாதவர்கள் என்றால், நேற்றுக் குடிவந்தவர்களாக இருக்க வேண்டும். அதிலும் எதிர்வீட்டு அங்கிள் நிரந்தர எதிரி. இரண்டாம் மாடியில் சந்துப் பக்கமாக அவர் நீட்டிக் கட்டிய பால்கனியைக் கழுவும்போதெல்லாம் தண்ணீர் அப்பாவின் ஆட்டோ மேல் கொட்டும். மூன்று வருடமாக இதே சண்டை. எட்டு வயதில் நானும் அப்பாவின் கட்சிக்கு என்னால் ஆனதைச் செய்துவந்தேன். அங்கிளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் மகளோடு 'காய்' விட்டிருந்தேன்.

அம்மா இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அந்த மார்ச் வெயிலில் மாவு மத்தியானத்துக்குள் பொங்கிப் புளித்துவிடும். வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள், அம்மா அத்தனையையும் கொட்டுவாள். கடைசியில் சிவாஜிநகரிலிருந்து ஆளுயரத்தில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் வந்து சேர்ந்தது. நாங்கள் இருந்ததோ மொட்டைமாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை. படிக்கட்டில் ஸ்கூல் பையை முன்னால் பிடித்துக்கொண்டால்தான் நானே ஏற முடியும்.

எங்கள் பக்கத்தில் பெரிய சாமானைக் கயிறு கட்டி வெளியிலிருந்துதான் தூக்குவார்கள். மேலே இழுக்க ஒரு கயிறு. சுவரிலும் கரண்ட் கம்பியிலும் மோதாமல் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க இன்னொன்று. அதைப் பிடிக்க அந்தப் பால்கனியை விட்டால் வேறு இடமில்லை. கயிறும் அங்கிளுடையதுதான், தொங்கிக்கொண்டே கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர் அவர். அம்மா போய்க் கேட்டாளாம். அவர் மறுபேச்சில்லாமல் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாராம். பள்ளிக்கூடம் போயிருந்த எனக்கு இதெல்லாம் யார் சொல்வது?

சாயங்காலம் வந்து நான் பார்த்தது இவ்வளவுதான். சந்துக்கு மேலே எங்கள் ஃப்ரிட்ஜ் தொங்குகிறது. மொட்டைமாடியிலிருந்து அப்பாவும் மாமாவும் ஒரு கயிற்றை இழுக்கிறார்கள். பால்கனியிலிருந்து அங்கிள் இன்னொரு கயிற்றைத் தன் பக்கம் இழுக்கிறார். ஃப்ரிட்ஜுக்கு நேர் கீழே அம்மா அண்ணாந்து நின்று, கையை ஆட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஸ்வல்ப லெஃப்ட்ல விடுய்யா, கண்ணு தெரியல?" என்று அப்பா கத்தினார்.

"எனக்குக் கண்ணு இருக்கு, உனக்குத்தான் கையில தெம்பு இல்ல!"

மூன்று வருடமாகக் கேட்ட அதே குரல்கள், அதே மரியாதை. என் புத்திக்கு எட்டியது ஒன்றுதான்: எங்கள் ஃப்ரிட்ஜைப் பிடுங்கப் பார்க்கிறார். மூச்சிரைக்க மேலே ஓடினேன். தண்ணீர் டிரம் மேலிருந்த சில்வர் சொம்பை எடுத்து அவரைப் பார்த்து வீசினேன். நான் எறிந்தது குறி தப்பாமல் பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். புருவத்துக்கு மேலே.

ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவர் கயிற்றை விடவில்லை. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அதைப் பார்த்து அப்பாவின் பிடி தளர, ஃப்ரிட்ஜ் ஒரு முழம் கீழே இறங்கியது.

"என்னைப் பாக்காதய்யா! இழு!" என்று கத்தினார் அங்கிள்.

இன்னொருத்தர் சொன்னதை அப்பா எதிர்த்துப் பேசாமல் செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஃப்ரிட்ஜ் கைப்பிடிச் சுவரைத் தாண்டி மாடியில் இறங்கியது. முதுகில் அடி விழுமென்று காத்திருந்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே ஓடி, ஆட்டோவில் அங்கிள் பக்கத்தில் உட்கார வைத்தார். தையல் போடும் கிளினிக் வரைக்கும் இருவரும் கத்திக்கொண்டே வந்தார்கள். பால்கனித் தண்ணீர் ஆட்டோ மேல் விழாமல் ஒரு பைப் வைக்க வேண்டுமாம், அதை வலப்பக்கம் இறக்குவதா இடப்பக்கம் இறக்குவதா என்பதில் தகராறு. இது சண்டையா சமாதானமா என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அங்கிள் நெற்றியில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. பயத்தில்தான்.

"ஏன் அங்கிள் கயித்த விடல?" என்று கேட்டேன். எங்கள் ஃப்ரிட்ஜ் மேல் அவ்வளவு ஆசையா என்பதுதான் என் சந்தேகம்.

"கீழ உங்கம்மா நின்னுட்டு இருந்தாங்கல்லமா," என்றார்.

முன்னால் அப்பாவின் சத்தம் சட்டென்று நின்றுபோனது. நான் ஃப்ரிட்ஜைப் பற்றிக் கேட்டால் இவர் எதற்கு அம்மாவைப் பற்றிச் சொல்கிறார் என்று, அவரையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு வந்தேன்.